பைக்காராவில் அடைமுட்டை ஏன் சீக்கிரம் வறள்கிறது?

கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே இருக்கும் பைக்காராவில் அடைமுட்டைக்குக் குளிர்தான் எதிரி என்று தோன்றும். அதைத் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும்: வயிற்று இறகு உதிர்ந்த வெறுந்தோலை முட்டைமேல் அழுத்தி, சூடு குறையாமல் காக்கும்.

சிக்கல் காற்றில். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி வேகமாக வெளியேறும். அடைகாக்கும் 21 நாளில் முட்டை எடையில் எட்டில் ஒரு பங்கு குறைவது நல்லதே. நீர் போன இடத்தில் சேரும் காற்றைத்தான் குஞ்சு முதலில் சுவாசிக்கிறது. எடையிழப்பு அதற்கு மிஞ்சினால் உள்சவ்வு காய்ந்து, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

உயரத்தில் பழகிய கோழியின் முட்டையோட்டில் துளைப்பரப்பு குறைவு. ஆகவே மலையடிவார மேட்டுப்பாளையம் முட்டையைவிட உள்ளூர் முட்டையை அடைவைப்பதே புத்திசாலித்தனம். பொரிந்தபிறகு குளிர் நிஜமான எதிரி: முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும்.