வான்கோழி மார்பிறைச்சியை உப்புநீரிலிட்டுப் புகையூட்டும் முறை

வான்கோழி உருவிற் பெரிய பறவை. முதிர்ந்த சேவல் 7 கிலோவுக்கு மேலும் நிறுக்கும். ஒரு குடும்பத்தார் அதனை ஒரே நாளில் உண்டு முடித்தல் அரிது. நாட்டுக் கறுப்பு இனத்தையும் பெல்ட்ஸ்வில் சிறுவெள்ளை இனத்தையும் கலந்து உண்டாக்கப்பட்ட நந்தனம் வான்கோழி–1 நமது மாகாணச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. சோழவரம் வட்டாரக் குடியானவர்கள் அதன் வளர்ப்பைப் பற்றி அண்மையிலுள்ள மாதவரம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்தறியலாம். எஞ்சும் இறைச்சியை வீணாக்காதிருக்கும் வழியொன்றை இங்கே விவரிப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். நமது உப்புக்கண்டம் கெடாதிருப்பதற்குக் காரணம் வெயிலில் அதன் ஈரம் வற்றிப்போவதே. புகையூட்டிய மார்பிறைச்சியிலோ ஈரம் தங்கியிருக்கும். அதன் மென்மைக்கும் அதுவே காரணம். ஆகையால் உப்பும் புகையும் ஏறிவிட்டனவென்று அதனை உப்புக்கண்டம்போல் வெளியில் தொங்கவிடலாகாது.

உப்புநீர்: 1 லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பும் 20 கிராம் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுக. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே படியில் வெவ்வேறு எடை நிற்குமாதலால் உப்பை நிறுத்தே போடவேண்டும். எலும்பு நீக்கிய 1 கிலோ மார்புத் துண்டை எவர்சில்வர் பாத்திரத்தில் இந்நீரில் மூழ்கவைத்து, 4 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத குளிர்பெட்டியில் 12 மணி நேரம் வைக்க. பனிக்கட்டியைக் கொண்டு குளிர்விப்போர் அதனைப் பாத்திரத்தைச் சுற்றி இடுக. உள்ளே இட்டால் உருகி உப்பின் அளவைக் குறைத்துவிடும். ஒருமுறை பயன்பட்ட உப்புநீரை மறுமுறை கொள்ளலாகாது.

புகையூட்டல்: துண்டை எடுத்துத் துடைத்து, மேற்புறம் உலரும்வரை குளிர்பெட்டியிலேயே திறந்து வைக்க. செங்கல் அடுக்கி மண் பூசிய சிறு அறையே புகையடுப்புக்குப் போதும். கொய்யா விறகு அல்லது தேங்காய் மட்டை நல்ல புகை தரும். அரளி நஞ்சாகையால் அதனை அடுப்பருகிலும் கொண்டுவரலாகாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலிருந்து கழித்துவிடப்படும் பெட்டிப் பலகைகளில் சாயமும் மருந்தும் ஏறியிருக்கக்கூடும். இரசாயனம் இருந்த பீப்பாய்களும் அவ்வாறே. இவற்றை விலக்குக.

அறையின் வெப்பம் 110 முதல் 120 டிகிரி வரை இருத்தல் நலம். இரண்டு அல்லது மூன்று மணி நேரம் செல்லும். ஆயினும் நேரத்தையோ நிறத்தையோ நம்பி இறக்கலாகாது. புகையால் மேற்புறம் சிவந்தும், உட்புறம் வேகாமலும் இருத்தல் கூடும். இறைச்சியிற் செருகும் வெப்பமானியைத் தடித்த பாகத்தின் நடுவில் குத்திப் பார்த்து, 74 டிகிரி காட்டிய பின்னரே எடுக்கவேண்டும். சால்மோனெல்லா முதலிய நோய்க்கிருமிகளை அழிப்பது இவ்வெப்பமே, புகையன்று.

பாதுகாத்தல்: இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் உண்க. கழிவையும் உப்புநீரையும் ஏரிக்குச் செல்லும் வாய்க்கால்களில் விடலாகாது; சோழவரம் ஏரி சென்னை மக்களின் குடிநீருக்கு உதவுவது.

விற்க எண்ணுவோர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக. புதிதாகத் தொடங்குவோர் முதலில் ஒரு துண்டை மட்டும் செய்து பார்த்துப் பழகிக்கொள்வது உசிதம்.