குட்டை வற்றுமுன் கரையேற வேண்டும்!

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும், முகப்பேர்ப் பக்கத்துக் காலிமனைகளில் தேங்கிய நீரை உற்றுப் பாருங்கள். தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டியபடி நீந்துவதைக் காணலாம். ஏரி நீர் பல மாதங்கள் நிற்கும். குட்டை நீரோ சில வாரங்களில் வற்றிவிடும். அதற்குள் அவை தவளைகளாகிக் கரையேற வேண்டும். இல்லையேல் சாவுதான். நாட்காட்டி இல்லாத தலைப்பிரட்டை புறப்படும் நாளை எப்படி அறிகிறது?

கரையேறுதல் எளிய செயல் அன்று. செவுள்கள் மறைந்து நுரையீரல் வேலை செய்ய வேண்டும். பாசி தின்று வந்த நீண்ட குடல், பூச்சி தின்பதற்கேற்பக் குறுக வேண்டும். வால் அறுந்து விழுவதில்லை. உடலே அதை உறிஞ்சிக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் ஆணையிடுவது தைராய்டு சுரப்பியின் ஹார்மோன். 1912-இல் குடர்நாட்ச் என்னும் அறிஞர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டை உணவாகக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு முன்பே, மிகச் சிறிய உருவிலேயே மாறத் தொடங்கின!

சரி, இந்த ஆணை எப்போது பிறக்கிறது? 1973-இல் வில்பர், காலின்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். உருமாற்றத்துக்கு ஒரு குறைந்த அளவு உண்டு. அதை எட்டாத உடல் மாற முடியாது. ஒரு மேல் எல்லையும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே வளர்ச்சி வேகம்தான் தீர்மானிக்கிறது. நன்கு வளர்ந்தால் நீரில் தங்குவது இலாபம். வளர்ச்சி தளர்ந்தால் புறப்படுவதே மேல்.

நீர் குறையும்போது நெருக்கடி மிகுகிறது. உடனே மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்ட, அது தைராய்டை முடுக்குகிறது. தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மண்ணில் வளை தோண்டும் ஒரு தவளையினத்தின் தலைப்பிரட்டைகளைச் சோதித்தனர். நீர்மட்டம் குறையக் குறைய உருமாற்றம் விரைந்தது என்று 2011-இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆனால் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. முன்னதாகக் கரையேறும் தவளை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஒரே வடிவமுள்ள உடலின் நீளம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும். பருமனோ எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது, உடலில் உள்ள நீரோடு ஒப்பிட, ஆவியாக்கும் தோல் இருமடங்கு! எனவே சிறு தவளை வெயிலில் விரைவில் உலர்ந்துபோகும். தங்கினால் குட்டை வற்றும். விரைந்தால் உடல் வற்றும். இவ்விரு ஆபத்துகளின் நடுவேதான் அதன் கணக்கு நடக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில், ஆழமில்லாத ஒரு குட்டையின் ஓரத்தில் அளவுகோல் ஒன்றை நட்டு, நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். தலைப்பிரட்டைகளுக்குப் பின்கால்கள் முளைத்த நாளையும், முன்கால்கள் வெளிவந்த நாளையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவற்றைப் பிடிக்க வேண்டாம். அவற்றுக்குக் காலம் குறைவு!