யாரை எடுப்பது? மைசூரின் ஓயாத வாதம்

பெயர் பெற்ற ஆட்டக்காரரா, பசியுள்ள பையனா? மைசூர் வாரியர்ஸ் அணியின் ஏலம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. ரசிகர்களின் ஏலம் முடிவதில்லை.

விலை வெறும் ஐம்பதாயிரம் ரூபாய். 2024 ஜூலையில் பெங்களூரில் நடந்த மகாராஜா கோப்பை டி-20 ஏலத்தில் மைசூர் வாரியர்ஸ் அணி 18 வயது சமித் திராவிடை அந்தத் தொகைக்கு எடுத்தது. லட்சங்கள் புரண்ட ஏலத்தில் அது சில்லறைக் காசு. ஆனால் மைசூரில் அதிகம் பேசப்பட்டது அந்தச் சில்லறையைப் பற்றித்தான். ராகுல் திராவிடின் மகன் என்பதால் எடுத்தார்களா, ஆடத் தெரிந்தவர் என்பதால் எடுத்தார்களா?

அப்பாவின் பெயரை வைத்து டிக்கெட் விற்கப் பார்க்கிறார்கள் என்பது ஒரு கட்சி. எதிர்க்கட்சியின் கையில் புள்ளிவிவரம் இருந்தது. 19 வயதுக்கு உட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பையை 2023-24 பருவத்தில் கர்நாடகம் முதல் முறையாக வென்றபோது சமித் 8 ஆட்டங்களில் 362 ரன் குவித்து 16 விக்கெட்டும் வீழ்த்தியிருந்தார். மட்டையும் பிடித்து மித வேகத்தில் பந்தும் வீசுகிற ஒரு பையன் ஐம்பதாயிரத்துக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? போட்டி தொடங்கியதும் முதல் கட்சியின் குரல் ஓங்கியது. 7 இன்னிங்ஸில் அவர் எடுத்தது 82 ரன்தான். இரண்டாம் கட்சி அசரவில்லை. பதினெட்டு வயதில் 82 ரன்னை வைத்து ஒருவனை எழுதித் தள்ளுவது அநியாயம் என்றது. அதே ஆகஸ்ட் இறுதியில் இந்திய 19 வயது அணிக்கும் அவர் தேர்வானார்.

கர்நாடகத்தில் இந்த மாதிரி வாதங்களுக்குத் தனிப் பருவமே உண்டு. ஏல நாளுக்கு முன் ஒரு பத்து நாள், பின் ஒரு பத்து நாள். சரஸ்வதிபுரத்து டீக்கடையிலும் அக்ரஹாரத்துத் திண்ணையிலும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். நல்ல இடது கை வேகப்பந்து வீச்சாளர் இல்லையே என்று ஒருவர் கவலைப்படுவார். பத்தொன்பதாவது ஓவரை யார் போடுவது என்று இன்னொருவர் கேட்பார். தேர்வுக் குழுவினர் இந்தக் கடைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்; கொஞ்சம் தலைவலியும் மிஞ்சும்.

2024 ஏலத்தில் வாரியர்ஸ் வாங்கிய மற்ற சரக்கும் சாதாரணமானதல்ல. கே. கௌதம் 7.4 லட்சம். இவரைத் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். 2021இல் சென்னை சூப்பர் கிங்ஸ் 9.25 கோடி கொடுத்து வாங்கி, அந்தப் பருவம் முழுக்க ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் உட்கார வைத்த அதே கௌதம். பெங்களூரில் 2019இல் நடந்த கர்நாடக பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில் 56 பந்துகளில் 134 ரன் அடித்து, பிறகு 15 ரன் கொடுத்து 8 விக்கெட்டும் சாய்த்தவர். அந்த ஒரு நாளை நினைத்து வாங்குவதா, அதற்குப் பின் வந்த நாட்களை எண்ணி விடுவதா என்பது நியாயமான கேள்வி.

பிரசித் கிருஷ்ணா வெறும் 1 லட்சம். இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் இந்த விலைக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு நடந்த அறுவை சிகிச்சை. எப்போது குணமாவார், குணமானதும் இந்திய அணி கூப்பிட்டுக்கொள்ளாதா? மாநில லீக்கில் பெரிய பெயர்களை எடுப்பதில் உள்ள ஆபத்தே இதுதான். பட்டியலில் இருப்பார்கள், களத்தில் இருக்க மாட்டார்கள்.

ஜெகதீஷா சுசித் 4.8 லட்சம். இங்கேதான் மைசூர் ஒரே குரலில் பேசியது. மைசூரில் பிறந்த இந்த இடது கை சுழற்பந்து வீச்சாளர், 2015இல் ஐ.பி.எல். கோப்பையை வென்ற மும்பை இந்தியன்ஸ் அணியில் இருந்தவர். 'நம்ம ஹுடுக' - நம்ம பையன். கன்னடத்தில் அந்த இரண்டு சொற்களுக்கு ஏலத் தொகையில் அடங்காத மதிப்பு உண்டு.

அந்த மதிப்புக்குக் காரணம் இருக்கிறது. அணிக்குத்தான் மைசூரின் பெயர். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பெங்களூர் கிளப்புகளில் வளர்ந்தவர்கள். ஜவகல் ஸ்ரீநாத்தைத் தந்த ஊர் இது. இங்குள்ள ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டே பந்து வீசி, இந்தியாவின் முன்னணி வேகப்பந்து வீச்சாளரானவர் அவர். பெண்கள் அணிக்கு ஆடிய சுபா சதீஷும் இந்த ஊர்தான். மாநில லீக்கில் சொந்த வட்டார வீரர்களுக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாடு உண்டு என்றாலும், எடுத்த பையனை ஆட விடுகிறார்களா, தண்ணீர் பாட்டில் சுமக்க விடுகிறார்களா என்பது வேறு விஷயம். மைசூர், மாண்டியா பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு இந்த லீக்கில் கிடைக்கும் நான்கு ஓவர், தொலைக்காட்சியில் தெரியும் நான்கு ஓவர். ஐ.பி.எல். அணிகளின் ஆட்கள் பார்க்கிற நான்கு ஓவர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் வீசிய யார்க்கர்கள்தான் 2017இல் அவரை 3 கோடி ரூபாய்க்கு பஞ்சாப் அணியிடம் கொண்டு சேர்த்தன. வருண் சக்ரவர்த்தி 2018இல் மதுரை அணிக்கு ஆடினார். அந்த டிசம்பரில் அவர் விலை 8.4 கோடி. அங்கேயும் முதலில் ஏலம் கிடையாது, டிராஃப்ட் முறைதான். 2023இல் ஏலம் வந்ததும் கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐ.பி.எல்.லில் அப்போது அவர் சம்பளம் 20 லட்சம்!

டிராஃப்ட் என்பது தெருவில் ஆடியவர்களுக்குத் தெரிந்த முறைதான். இரண்டு கேப்டன்கள் நிற்பார்கள், மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள், கடைசியில் மிஞ்சுகிறவன் முகம் வாடும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அதிகம். 2015இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லஸ் மேவரிக்ஸ் எடுத்தது இந்த டிராஃப்டில்தான், 52ஆவது ஆளாக. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர்.

கூடைப்பந்து ரசிகர்கள் இன்னும் மறக்காத ஒரு தேர்வு 1984இல் நடந்தது. இரண்டாவது ஆளை எடுக்கும் உரிமை போர்ட்லண்ட் அணியிடம் இருந்தது. மைக்கேல் ஜோர்டன் காத்திருந்தார். ஆனால் அவர் ஆடும் இடத்தில் போர்ட்லண்டிடம் கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார். அணிக்குத் தேவை உயரமான சென்டர் என்று கணக்குப் போட்டு சாம் பௌவியை எடுத்தார்கள். அடுத்த வாய்ப்பில் சிகாகோ ஜோர்டனை அள்ளிக்கொண்டது. ஓட்டையை அடைப்பதா, திறமையை எடுப்பதா? மைசூர் டீக்கடையில் கேட்பதும் அதே கேள்விதான், ஆட்டம்தான் வேறு.

மைசூருக்கு டிராஃப்ட் வந்த கதைக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. 2009இல் தொடங்கிய கர்நாடக பிரீமியர் லீக், 2019இல் சூதாட்டப் புகார்களிலும் கைதுகளிலும் சிக்கி நின்றுபோனது. மேட்ச் ஃபிக்ஸிங் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவில் வராது என்று 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு மாநில கிரிக்கெட் சங்கம் புதிய பெயரில் போட்டியை மீட்டது. 2013 டிசம்பரில் சங்கத் தலைவராகத் தேர்வான சில நாட்களிலேயே காலமான மைசூர் அரச குடும்பத்து ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரின் நினைவாக, மகாராஜா கோப்பை. பண பேரத்துக்கு இடம் தராமல் அந்த முதல் ஆண்டில் டிராஃப்ட் நடந்தது. முதல் கட்ட ஆட்டங்கள், மைசூர் பல்கலைக்கழகப் பகுதியில் உடையாரின் பெயரிலேயே உள்ள மைதானத்தில் நடந்தன.

அந்த டிராஃப்டில் மைசூருக்கு வந்தவர் கருண் நாயர். சேப்பாக்கத்தில் 2016 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 303 ரன் அடித்து அவுட்டாகாமல் நின்றவர். ஆனால் 2022இல் அவர் சந்தை மதிப்பு சரிந்திருந்தது. இந்திய அணி அவரை மறந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது; அந்த ஆண்டே கர்நாடக அணியிலும் இடம் போனது. மனீஷ் பாண்டேயும் தேவ்தத் படிக்கலும் குல்பர்கா பக்கம் போயிருந்தார்கள். கோப்பையும் அந்தப் பக்கமே போனது. நமக்கு மட்டும் ஏன் பழைய பெயர் என்று மைசூரில் முணுமுணுத்தவர்களுக்கு அப்போது பதில் இல்லை.

பதில் மெதுவாக வந்தது. 2023இல் கருண் 532 ரன். இறுதி ஆட்டத்தில் ஹூப்ளியிடம் 8 ரன்னில் தோல்வி. 2024இல் 560 ரன். மங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 124. செப்டம்பர் 1 அன்று பெங்களூர் பிளாஸ்டர்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் எஸ்.யு. கார்த்திக் 71, கருண் 66, கடைசியில் மனோஜ் பாண்டகே 13 பந்துகளில் 44. மொத்தம் 207. மைசூர் 45 ரன்னில் வென்றது. அடுத்த ஆண்டு ஜூனில் கருண் மீண்டும் இந்திய டெஸ்ட் அணியில் ஆடினார்.

இப்படி ஒரு தேர்வு பலித்துவிட்டால் வாதம் அடங்கிவிடும் என்று நினைத்தால் அது மைசூரைத் தெரியாதவர்கள் நினைப்பு. 2025 ஜூலை ஏலத்தில் வாரியர்ஸ் 12.2 லட்சம் கொடுத்து மனீஷ் பாண்டேயை வாங்கியது. ஐ.பி.எல்.லில் சதம் அடித்த முதல் இந்தியர். ஆனால் அது 2009. ஏலத்தின்போது வயது 35. அனுபவத்துக்குக் கொடுத்த காசு என்றது ஒரு தரப்பு. இந்தக் காசில் ஐம்பதாயிரம் விலையில் இருபத்து நான்கு பையன்களை எடுக்கலாமே என்றால், ஆடப்போவது பதினொருவர்தானே என்று பதில் வரும்.

பெங்களூர் சின்னசாமி அரங்கத்துக்கு வெளியே 2025 ஜூன் 4 அன்று நெரிசலில் 11 பேர் இறந்த பிறகு, அந்த ஆண்டுப் போட்டி முழுவதும் மைசூருக்கு மாற்றப்பட்டது. கோப்பையை எடுத்துப்போனது மங்களூர் டிராகன்ஸ். டீக்கடைகளில் அடுத்த ஏலத்துக்கான பட்டியல்கள் தயாராகத் தொடங்கின.