வீட்டுக்குள் ஒரு கந்தோர்

எங்கள் வீட்டு முன்னறைக்குக் 'கந்தோர்' என்று பெயர். சூட்டியவள் என் மனைவி. அந்தப் பெயரிலே சிறிது பரிகாசம் கலந்திருந்தது என்பதை நான் உணர்ந்துகொள்ள ஏறக்குறைய ஓராண்டு சென்றது.

கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். அதற்குள்ளே கிடக்கும் மேசை, கதிரை, அலுமாரி, காற்று நுழையும் யன்னல் ஆகிய யாவும் அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கீசர் வழியாக நமக்குக் கிடைத்த சொற்கள். நம்முடைய பழைய எழுத்தாளர் சம்மணமிட்டு அமர்ந்து, இடக்கையில் ஏட்டையும் வலக்கையில் எழுத்தாணியையும் பிடித்து எழுதினர். திண்ணையும் பகல் வெளிச்சமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அதே திண்ணையில் பள்ளிக்கூடமும் நடந்தது. இவ்வளவு நீண்ட பழக்கமுடைய நமக்கு, வீட்டிலிருந்து தொழில் செய்யும் கலை 2020இல் முற்றாக மறந்துபோயிருந்தது.

நான் கொழும்பு நிறுவனமொன்றிலே மொழிபெயர்ப்பாளன். அவ்வாண்டு மார்ச் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்திருந்தேன். 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாலு நாளைக்கென்று வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். வேலையும் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது.

முதலில் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியை விரித்தேன். மூன்றாம் வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தலை குனிய வேண்டும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்க வேண்டும். இரண்டையும் பிரித்துவிடுவதே வழி. தனி விசைப்பலகை ஒன்றை வாங்கி, கணினியை இரண்டு தடித்த அகராதிகளின்மீது ஏற்றினேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தது. ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்றது. முழங்கை செங்கோணத்தில் மடிந்தது. கழுத்து நோவு மெல்லத் தணிந்தது. மொழிபெயர்ப்பாளனுக்கு அகராதி இவ்வாறும் உதவும்! ஆனால் சொல்லொன்றுக்குப் பொருள் பார்க்க வேண்டிய வேளையில் அதை உருவ முடியாது என்பது ஒரு குறை.

பின்னர் அப்பாவின் முதிரைமர மேசையை முன்னறைக்கு மாற்றினேன். வெளிச்சந்தான் பெரும்பாடு. யன்னலுக்கு எதிரே அமர்ந்தால் கண் கூசும். யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் திரையிலே வேப்பமரந்தான் தெரியும். யன்னல் பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். வடக்கு யன்னலே சிறந்தது, அதில் நேர்வெயில் படாது என்று ஓர் ஆங்கில நூலிற் படித்து, மேசையை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மே மாதத்தில் வெயில் நேரே மேசைமேல் வந்து விழுந்தது. நூலாசிரியர் குளிர்தேசத்தவர். நமது யாழ்ப்பாணமோ வட அகலக்கோடு பத்துப் பாகைக்குள்ளே கிடக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். யன்னலுக்கு வெளியே ஒரு பனையோலைத் தட்டியைக் கட்டித்தான் அவனோடு சமாதானம் செய்தேன்.

2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் என்னும் நிலையை அடைந்தது. பற்றரி ஒன்று வாங்கினேன். 12 வோல்ற்று, 60 அம்பியர்-மணி. பெருக்கினால் 720 வாற்று-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 360 தான் கணக்கு. கணினிக்கு 40 வாற்று, இணையப் பெட்டிக்கு 10. வழியில் இழக்கப்படுவதையும் கழித்தால் ஆறு மணி நேரம் வேலை செய்யலாம். மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளியேறும். ஆகையால் பற்றரியை விறாந்தையில் காற்றோட்டமான மூலையில் வைத்தேன். எரிபொருள் இல்லாமையால் அவ்வாண்டு ஜூனில் அரச ஊழியர் பலரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு அரசு பணித்தபோது, அயலவர் இந்தக் கணக்கை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயினர். எனக்குச் சற்றுப் பெருமையாகத்தானிருந்தது.

இந்தப் பெருமையோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலே நடந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

என் மனைவி ஆசிரியை. 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன, திறந்தன, 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடப்பட்டன. பிள்ளைகளுக்கு அவள் கைப்பேசி மூலம் தமிழ் இலக்கணம் கற்பித்து வந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கேயிருந்து கற்பித்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒருநாள் முற்பகல், தேநீர் வரத் தாமதமாயிற்றே என்று வெளியே வந்தேன். கிணற்றுக்கட்டில் அமர்ந்திருந்தாள். அங்கேதான் அலைவரிசை தெளிவாகக் கிடைக்குமாம். கவிழ்த்து வைத்த வாளியின்மேல் கைப்பேசி சாய்ந்திருந்தது. கொப்பி ஒற்றையொன்றில் பெரிய எழுத்தில் எழுதி, அதை அதன்முன் தூக்கிப் பிடித்திருந்தாள். முருங்கையில் காகங்கள் கத்தின.

"ரீச்சர், ஒண்டும் கேக்கேல்லை" என்றது ஒரு பிள்ளையின் குரல்.

முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். அருகே அடுப்படியில் என் தேநீருக்கான தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, கோபமின்றிக் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, உங்கடை கந்தோர் எத்தினை மணிக்குப் பூட்டும்?"

ஓராண்டுக்கு மேலாக, "கதவைச் சாத்திப்போட்டுப் போம்" என்று எத்தனை தரம் அவளிடம் சொல்லியிருப்பேன்! அம்மாவை உரத்துப் பேசாமல் பார்த்துக்கொண்டவள் அவள். வாசலுக்கு வந்த மீன்காரரைப் படலையிலேயே மறித்தவளும் அவள். அறையில் நான் அனுபவித்த அமைதி முழுவதும் அவளுடைய உழைப்பு. கழுத்துக்கும் கண்ணுக்கும் அங்குலக் கணக்குப் பார்த்த எனக்கு, வீட்டிலே இன்னொரு முதுகு இருப்பது தெரியவில்லை. வேர்ஜினியா வுல்ஃப் பெண்ணுக்குச் சொந்தமான அறையைப் பற்றி எழுதிய நூல் 1929இல் வெளிவந்தது. அதை நான் படித்தவன்; நண்பர்களிடம் சிலாகித்துப் பேசியவன். இதை எழுதும்போதும் வெட்கமாயிருக்கிறது.

மொழிபெயர்ப்பை விடியற்காலையிலும் செய்யலாம். வகுப்புக்கோ குறித்த நேரமுண்டு. ஆகவே காலை எட்டு மணி முதல் பதினொன்றரைவரை அறை அவளுக்கு என்றாயிற்று. அவள் அமர்ந்த பிறகுதான் நான் அமைத்ததெல்லாம் என் ஒருவனின் உடலளவுக்கே என்பது புலனாயிற்று. கதிரையில் இருந்தால் அவளுடைய கால் நிலத்தில் படவில்லை. அம்மாவின் குந்துபலகையைக் கீழே இட்டோம். இரண்டு அகராதிகள் அவளுக்கு உயரம், ஒன்றை எடுத்துவிட்டோம். சுவரில் ஒரு சிறு கரும்பலகையும் ஏறியது.

பாடசாலைகள் திறந்து பல காலமாகிவிட்டது. ஆயினும் அறையை நான் திரும்பக் கேட்கவில்லை. இப்போது பிற்பகல் நான்கு மணியிலிருந்து ஆறுவரை அவளுடைய நேரம். பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகள் சிலருக்குக் கணினிமூலம் பாடம் சொல்கிறாள். நான் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் கிடந்து மூலப்பிரதியை வாசிக்கிறேன். நேற்று ஒரு சொல் பிடிபடவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தட்டி, அகராதி வேண்டுமென்றேன்.

"அது கொம்பியூட்டருக்குக் கீழை கிடக்கு. வகுப்பு முடியட்டும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.