அரை லிட்டர் போதும்: சின்னக் குழந்தைக்கு எந்தப் பால் வாங்குவது?

காலை ஆறு மணிக்குப் பால் பூத் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஒரு தாய் வருவார். கையில் நீல பாக்கெட்டுக்கு மட்டும் எண்ணி வைத்த சில்லறை இருக்கும். கண்ணோ ஆரஞ்சு பாக்கெட்டின் மேல் இருக்கும். சற்றுத் தயங்கிவிட்டு, "குழந்தைக்கு… ஆரஞ்சே குடுத்துடுங்கண்ணே" என்று முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். அன்று காய்க்கு வைத்திருந்த பத்து ரூபாய் பாலுக்குப் போய்விடும்.

விலை கூடினால் சத்தும் கூடும் என்ற நம்பிக்கை ஏழை வீடுகளின் கைக்காசைத் தினமும் தின்கிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நீல பாக்கெட் பாலே போதும். அதுவும் அரை லிட்டருக்கு மேல் தேவையில்லை.

பசும்பால் எப்போது தொடங்கலாம்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்; தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பத்து காசு செலவில்லாத பால் அது. இரண்டு வயதுக்குள் தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு வெளிப்பால் குறைவாகவே போதும்.

ஒரு வயது நிறையும் முன் பசும்பாலையோ எருமைப்பாலையோ முக்கிய உணவாக்க வேண்டாம். பிஞ்சுக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவை அது உண்டாக்கக்கூடும். இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு தாராளமாகத் தொடங்கலாம்.

பாக்கெட் நிறம் சொல்லும் கணக்கு

ஆவின் நீல பாக்கெட் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம், புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அடங்கிய இதரச் சத்துகள் 8.5 சதவீதம். ஊதா பாக்கெட்டில் கொழுப்பு 3.5 சதவீதம். ஆரஞ்சு, நிறைகொழுப்புப் பால்: கொழுப்பு 6 சதவீதம், இதரச் சத்துகள் 9 சதவீதம்.

நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கொழுப்பில்தான். எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்துகளில் அரை சதவீதம்தான் இடைவெளி. "நீலம் தண்ணிப் பால்" என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் நாட்டில் பசும்பாலுக்கு வகுத்துள்ள குறைந்தபட்சக் கொழுப்பே 3.2 சதவீதம்தான். நீல பாக்கெட், ஏறக்குறைய மாட்டிலிருந்து கறந்த பசும்பாலின் அளவிலேயே இருக்கிறது.

2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக ஏறியது. நீலம் 40 ரூபாயில் நின்றது. அந்தக் கணக்கில் அரை லிட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம், மாதத்துக்கு 300 ரூபாய். ஆரஞ்சில் கூடுதலாகக் கிடைக்கும் கொழுப்பு 400 மில்லியில் சுமார் 12 கிராம். குழந்தையின் பருப்புச் சாதத்தில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

1.5 சதவீதம் கொழுப்புள்ள இருநிலை சமன்படுத்திய பாலையும் கொழுப்பு நீக்கிய பாலையும் மட்டும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாங்காதீர்கள். மூளை வளரும் வயதில் கொழுப்பு வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன குறையும்?

"ஆரஞ்சு வாங்கி ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் ஊற்றினால் நீலம் மாதிரிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கொழுப்பு 6 சதவீதம் பாதியாகி 3 ஆகும், அது சரி. ஆனால் இதரச் சத்துகளும் 9 சதவீதத்திலிருந்து 4.5 ஆகிவிடும். நீல பாக்கெட்டில் 8.5 இருந்ததை நினைத்துப் பாருங்கள். டம்ளர் நிறைந்திருக்கும், புரதமும் சுண்ணாம்புச்சத்தும் பாதிதான் இருக்கும். வயிற்றை நிரப்பிய அந்தத் தண்ணீர் அடுத்த வேளைச் சோற்றுக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வயதுக் குழந்தைக்குப் பாலைத் தண்ணீர் சேர்க்காமலே காய்ச்சிக் கொடுக்கலாம். "கெட்டிப் பால் செரிக்காது" என்ற பயம் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. 400 மில்லி குடித்தாலே தேவை ஏறக்குறைய தீர்ந்தது. சுமார் 12 கிராம் புரதமும் கிடைத்துவிடும்.

அதற்கு மேல் கொடுப்பதில்தான் ஆபத்து. "சாப்பாடு இறங்கலை, பாலாவது குடிக்கட்டும்" என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கொடுக்கும் வீடுகள் உண்டு. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள்: சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடக்கும். பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து, மற்ற உணவின் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். வயிறு பாலால் நிரம்பிய குழந்தை கீரையையும் முட்டையையும் தொடாது. தொடாததால் மறுபடியும் பால்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இதற்குப் பல காரணங்கள் உண்டு. சோற்றுக்குப் பதில் பால் என்ற பழக்கத்தையாவது இன்றே நம் வீட்டில் நிறுத்தலாம்.

டப்பாப் பாலும் சத்துப் பொடியும்

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் வளர்ச்சிப் பால் டப்பாக்கள் மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை போடுபவை. 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு அவற்றைப் பரிந்துரைக்கவில்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரணப் பாலே போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் மாற்றுகளையும் டப்பா உணவுகளையும் பால் புட்டிகளையும் விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்வளவு கவனம் தேவைப்பட்ட பொருள்கள் அவை.

பாலில் கலக்கும் மால்ட் பொடிகளில் சர்க்கரை அதிகம். தேநீருக்கான பால் பவுடர் பலவற்றிலும் சர்க்கரை சேர்த்திருக்கும். டின்னில் வரும் கெட்டிப் பாலிலும் அப்படியே. இரண்டு வயது வரை குழந்தையின் பாலில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் வேண்டாம். டீ, காபி அறவே கூடாது. அவை இரும்புச்சத்தைத் தடுக்கும்.

காய்ச்சுவதும் கொடுப்பதும்

பாக்கெட் பாலை ஒருமுறை பொங்கவிட்டு இறக்கினால் போதும். சுண்டச் சுண்டக் காய்ச்சாதீர்கள். மேலே படியும் ஆடையை எடுத்துவிடாமல் அடித்துக் கலந்து கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய கொழுப்பு அதில்தான் இருக்கிறது. கறந்த பாலைக் காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது.

ஒரு வயதுக்குப் பிறகு புட்டியை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். புட்டியோடு தூங்கும் குழந்தைக்குப் பல் சொத்தை வரும். பால் பிடிக்காத குழந்தைக்கு அதே பாலைத் தயிராக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். உணவுக்கும் பாலுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மிச்சமாகும் பத்து ரூபாய்

அந்தப் பத்து ரூபாயில் ஒரு முட்டை வாங்கலாம். மறுநாள் ஒரு கட்டுக் கீரை. வீட்டுக் கொல்லையில் முருங்கை இருந்தால் அதுவும் மிச்சம். கையிறுக்கமான மாதக் கடைசியில் அரை லிட்டருக்கும் வழியில்லை என்றால் கால் லிட்டராவது கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, முருங்கைக்கீரையிலும் அப்படியே. கேழ்வரகுக் கூழும், கீரை மசித்த சோறும், எண்ணெய் சொட்டிய பருப்பும் மீதியை ஈடுகட்டும்.

அங்கன்வாடியை மறக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்துமாவு இலவசம். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு மதிய உணவோடு முட்டையும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். அது குழந்தையின் உரிமை.

எப்போது மருத்துவரிடம்?

பால் குடித்ததும் தோலில் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு தெரிந்தால் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எடை ஏறாத குழந்தை, வெளிறிய குழந்தை, மண்ணையும் சுவரையும் சுரண்டித் தின்னும் குழந்தை ஆகியோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நாளைக் காலை பூத் வாசலில் தயங்காதீர்கள், தாய்மார்களே. நீல பாக்கெட் ஒன்றை வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு முட்டை வாங்கி வீட்டுக்குப் போங்கள். உங்கள் குழந்தைக்கு நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.