ஞானப்பல் எடுக்கப் போறீங்களா? குழியில உறையற ரத்தத்தைக் காப்பாத்துங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

கேள்வி-பதில் எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல, வேலை மாறுறதைப் பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்தபடியா அதிகம் பேர் கேட்டது பல்லைப் பத்தி. காரணம் இருக்கு. நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இருபதுகள்ல இருக்கீங்க. ஞானப்பல் தலைகாட்டுற வயசு பொதுவா 17-லிருந்து 25 வரைக்கும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் இன்ஜினியர், டாக்டர் இல்ல. உங்க வாய்க்கு எது சரின்னு உங்க பல் டாக்டர்தான் சொல்லணும். ஆனா பல் எடுத்ததும் அவங்க கையில ஒரு பேப்பர் தருவாங்க. துப்பாதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க, சூடா எதுவும் வேண்டாம், சிகரெட் கூடாது. அதுல பத்துப் பதினஞ்சு விதி இருக்கும், ஏன்னு இருக்காது. காரணம் தெரியாத விதியை ரெண்டாவது நாளே கைவிட்டுடுவோம். இன்னைக்கு அந்த 'ஏன்'தான் விஷயம். பெரும்பாலான விதிகளுக்குப் பதில் ஒண்ணேதான்: பல் இருந்த குழியில உறையற ரத்தம்.

எல்லாரும் எடுக்கணுமா?

இல்ல. நேரா முளைச்சு, மேல்பல்லோட சரியா கடிச்சு, பிரஷ் எட்டுற இடத்துல இருந்தா அதுவும் ஒரு பல்தான், இருந்துட்டுப் போகட்டும். இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் தர்ற நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டுலயே, எந்தப் பிரச்சினையும் இல்லாத, உள்ளே சிக்கின ஞானப்பல்லை 'முன்னெச்சரிக்கைக்காக' எடுக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லிடுச்சு.

எடுக்க வேண்டிய காரணங்கள் தெளிவானவை. பாதி முளைச்ச பல்லு மேல ஈறு ஒரு மூடி மாதிரி இருக்கும். அதுக்குள்ள சோறு போய்ச் சிக்கி, திரும்பத் திரும்ப வீங்கி வலிக்கிறது ஒண்ணு. ஞானப்பல்லே சொத்தையாகி அடைக்க வழியில்லாம போறது இன்னொண்ணு. அதைச் சுத்தி நீர்க்கட்டி வளர்றது மூணாவது.

நாலாவது காரணத்தைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. படுத்த மாதிரி முளைக்கிற ஞானப்பல், பக்கத்துல இருக்கிற கடைவாய்ப்பல்லோட பின்பக்கத்தை முட்டிக்கிட்டு இருக்கும். அந்த இடுக்குல பிரஷ் போகாது. அங்க சொத்தை விழுந்தா, காலம் பூரா மெல்லுறதுக்கு வேணுங்கிற பல்லையே இழக்க நேரிடும். அதனால வலியே இல்லைன்னாலும் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கிறது நல்லது.

எடுக்கறதுக்கு முன்னாடி

முதல்ல ஓபிஜி எக்ஸ்ரே. ரெண்டு தாடையும் ஒரே படத்துல விழும். கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது. கீழ் உதடுக்கும் தாடை முனைக்கும் உணர்ச்சி கொடுக்கிறது அதுதான். சிலருக்கு ஞானப்பல்லோட வேர் அந்த நரம்பை ஒட்டி இருக்கும். படத்துல அப்படித் தெரிஞ்சா சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க. நரம்பு பாதிச்சா உதட்டுல மரமரப்பு வரும். பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல சரியாகிடும். நிரந்தரமா தங்குறது 100-ல ஒருத்தருக்கும் குறைவு. ஆனா உங்க படத்துல நரம்பு எவ்வளவு கிட்ட இருக்குங்கிறதை எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேர் நரம்பை ஒட்டி இருந்தா, வாய்-முகத்தாடை அறுவையில எம்.டி.எஸ். முடிச்சவர்கிட்ட போறது நல்லது. செலவு கவலையா இருந்தா சென்னையில தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல பெரும்பாலும் பல் சிகிச்சை சேராது, அதையும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

ரெண்டாவது, டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களா சொல்ல வேண்டியவை: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய வால்வு பிரச்சினை, கர்ப்பம், மருந்து அலர்ஜி, சின்னக் காயத்துக்கே ரத்தம் நிக்காம வர்ற வழக்கம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கிற மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து, கருத்தடை மாத்திரை எதுவானாலும் சொல்லுங்க. முக்கியமா, ரத்தம் இளக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

மூணாவது, சாப்பாடு. இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிற ஊசின்னா நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. அப்புறம் சில மணி நேரத்துக்குச் சாப்பிட முடியாது. முழு மயக்கம்னா நேர் எதிர். பொதுவா 6 மணி நேரம் முன்னாடியே திட உணவை நிறுத்தச் சொல்வாங்க, கூட ஒருத்தர் கட்டாயம் வரணும்.

வீட்டுல வாங்கி வைக்க வேண்டியது: ஐஸ், கல்லுப்பு, கூடுதலா ஒரு தலையணை, கடிச்சுக்க சுத்தமான பஞ்சுத்துணி.

எந்தக் கிழமை போறது?

ஐ.டி.யில இருக்கிற எல்லாரும் வெள்ளிக்கிழமையைத்தான் பிடிப்போம். சனி, ஞாயிறு ரெஸ்ட் எடுத்துட்டு திங்கள் வேலைக்குப் போயிடலாம்னு கணக்கு. ஆனா உடம்போட கணக்கு வேற. வீக்கம் உச்சத்துக்குப் போறது ரெண்டாவது, மூணாவது நாள்ல. பிரச்சினை வந்தாலும் அதே சமயத்துலதான் ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை எடுத்தா அந்த நாள் ஞாயிறு. நிறைய கிளினிக் பூட்டியிருக்கும். திங்கள்கிழமை காலையில வீங்கின கன்னத்தோட மீட்டிங்ல உட்கார்ந்திருப்பீங்க.

மூணு நாள் லீவு கிடைக்கும்னா திங்களோ செவ்வாயோ எடுங்க. சிக்கல் வர வாய்ப்பிருக்கிற நாள்ல கிளினிக் திறந்திருக்கும். வெள்ளிதான் முடியும்னா, ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் போன் பண்ணணும்னு நம்பர் வாங்கிட்டு வாங்க.

முதல் 24 மணி நேரம்

பல்லை எடுத்ததும் அந்தக் குழியில ரத்தம் நிறைஞ்சு உறையும். இதை ஒரு சாரம் மாதிரி நினைச்சுக்கோங்க. கட்டடம் கட்டும்போது வெளியில சவுக்குக் கம்பு கட்டுவாங்க இல்லையா, அதுமேல ஏறித்தான் மத்த வேலையெல்லாம் நடக்கும். இந்த ரத்த உறைவு, கீழே இருக்கிற எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடி வைக்குது. புதுத் திசு வளர்றதுக்கு அடித்தளமும் இதுதான். முதல் சில நாள்ல அது பெயர்ந்துட்டா எலும்பு வெறுமனே காத்துக்கும் எச்சிலுக்கும் தெரியும். அதைத்தான் டிரை சாக்கெட்னு சொல்றாங்க.

இப்போ பேப்பர்ல இருக்கிற விதிகளை ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பஞ்சை 30-லிருந்து 45 நிமிஷம் அழுத்திக் கடிக்கணும். அந்த அழுத்தத்துலதான் ரத்தம் நின்னு உறையுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் உறைவு பஞ்சோட வந்துடும்.

துப்பக் கூடாது, ஸ்ட்ரா கூடாது. ரெண்டுமே வாய்க்குள்ள இழுவிசையை உண்டாக்கும். எச்சிலை விழுங்கிடுங்க. இளநீர் நல்லதுதான், ஆனா டம்ளர்ல ஊத்திக் குடிங்க. எச்சில்ல லேசா சிவப்பு தெரியறது ஒரு நாள் வரைக்கும் சகஜம். ஒரு சொட்டு ரத்தமே எச்சிலோட கலந்தா வாய் நிறைய ரத்தம் மாதிரித்தான் தெரியும்.

சூடு கூடாது. சூடு ரத்தக்குழாயை விரிக்கும், ரத்தம் திரும்பக் கசியும். காபியை ஆறவச்சுக் குடிங்க. நம்ம வீடுகள்ல வீக்கம்னாலே சுடுதண்ணி ஒத்தடம்னு ஆரம்பிச்சுடுவாங்க. முதல் நாள் ஐஸ் மட்டும்தான். துணியில சுத்தி, கன்னத்துக்கு வெளியில 15 நிமிஷம் வைங்க, 15 நிமிஷம் விடுங்க.

சிகரெட் கூடாது. இழுக்கிற விசை ஒரு பக்கம். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, ஆற வேண்டிய இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது இன்னொரு பக்கம். குறைஞ்சது 3 நாள், முடிஞ்சா ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.

மரமரப்பு போறதுக்கு முன்னாடி எதையும் மெல்லாதீங்க. உதட்டையும் நாக்கையும் கடிச்சுக்கிட்டு இருப்பீங்க, தெரியவே தெரியாது. ராத்திரி தலையை உயர்த்திப் படுங்க. ஜிம், குனிஞ்சு தூக்குற வேலை சில நாளைக்கு வேண்டாம்.

மேல் ஞானப்பல்லுக்கு மட்டும் ஒரு விதி கூடுதல். அதுக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கு. மூக்கைப் பலமா சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க.

மாத்திரைக் கணக்கு

முதல் வலி மாத்திரையை மரமரப்பு முழுசா போறதுக்கு முன்னாடியே போடச் சொல்வாங்க. வலி ஏறின பிறகு அதை இறக்கறதைவிட ஏறாம பார்த்துக்கிறது சுலபம்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு. நம்ம ஊர்ல எழுதித் தர்ற பல வலி மாத்திரைகள் கலவைகள்தான். காம்பிஃப்ளாம்ல ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325-ம் இருக்கு. ஜீரோடால் பி-யில அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. இதுல ஏதோ ஒண்ணு மூணு வேளைன்னா பாராசிட்டமால் 975. 'வலி தாங்கல'ன்னு கூடவே டோலோ 650-ஐ நாலு மணி நேரத்துக்கு ஒண்ணா ஆறு போட்டா 3,900. மொத்தம் 4,875. ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம்தான். தாண்டினா அடி வாங்குறது கல்லீரல். அதே மாதிரி ஐபுப்ரோஃபெனையும் அசெக்ளோஃபெனாக்கையும் சேர்த்துப் போட்டா வலி ரெண்டு மடங்கு குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் பாதிக்கும். அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்குன்னு படிங்க. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லுங்க.

ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் தேவைப்படாது. மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. டாக்டர் எழுதியிருந்தா சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. அதுல மெட்ரோனிடசோல் இருந்தா, அது முடிஞ்சு ரெண்டு மூணு நாள் வரைக்கும் மதுவைத் தொடாதீங்க.

என்ன சாப்பிடறது?

இந்த விஷயத்துல நம்ம சமையல் நமக்குச் சாதகம். குழைய வடிச்ச தயிர்சாதம், பால்ல ஊறின இட்லி, ஆறவச்ச ராகிக் கூழ், இடியாப்பம் தேங்காய்ப்பால், மசிச்ச வாழைப்பழம், பருப்பு இல்லாத ஐஸ்கிரீம். தவிர்க்க வேண்டியது முறுக்கு, மிக்சர், மிளகு ரசம், இட்லிப்பொடி, எள்ளு போட்டது எதுவும். பொடியும் எள்ளும் நேரா குழிக்குள்ள போய் உட்காரும்.

24 மணி நேரம் கழிச்சு உப்புத்தண்ணி ஆரம்பிக்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை ஸ்பூன் உப்பு. வேகமா கொப்பளிக்காதீங்க. வாயில வச்சு, தலையை அப்படியும் இப்படியும் சாய்ச்சு, சிங்க்ல தானா வழிய விடுங்க. மத்த பல்லை வழக்கம்போல துலக்குங்க.

பாட்டி வைத்தியத்துல ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பச்சைப் புண்ணுல கிராம்பு எண்ணெயை ஊத்தாதீங்க, மஞ்சள்தூளை அப்பாதீங்க. நேரடியா விடற கிராம்பு எண்ணெய் திசுவைச் சுட்டுடும்.

மூணாவது நாள்

வழக்கமான வலி நாளுக்கு நாள் குறையும். வாய் முழுசா திறக்காது, தாடை இறுக்கமா இருக்கும், கன்னத்துல லேசா நிறம் மாறும். இதெல்லாம் போகப் போகச் சரியாகும். குழியில வெள்ளையா மஞ்சளா ஒரு படலம் தெரிஞ்சா சீழ்னு பயந்து குச்சியால தோண்டாதீங்க. வேற தொந்தரவு இல்லைன்னா அது பெரும்பாலும் புதுசா வளர்ற திசுதான்.

வலி குறைஞ்சுக்கிட்டே வந்து, ரெண்டு மூணு நாள் கழிச்சுத் திடீர்னு ஏறினா, காது வரைக்கும் இழுத்தா, மாத்திரைக்கு அடங்காம வாய் நாறினா, அது டிரை சாக்கெட்டா இருக்கலாம். மத்த பற்களைவிட கீழ் ஞானப்பல்லுக்கு இது பல மடங்கு அதிகம். இதுக்கு இன்னொரு அட்டை மாத்திரை தீர்வு இல்ல. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வச்சா பெரும்பாலும் அன்னைக்கே வலி இறங்கும். 'பல் எடுத்தா வலிக்கத்தானே செய்யும்'னு ஒரு வாரம் தூங்காம இருக்கிறவங்க நிறைய. அப்படி இருக்கத் தேவையில்லை.

எப்போ உடனே போகணும்?

அரை மணி நேரம் அழுத்திக் கடிச்சும், திரும்ப ஒரு தடவை கடிச்சும் ரத்தம் நிக்கலைன்னா. மூணு நாளைக்கு அப்புறமும் வீக்கம் ஏறிக்கிட்டே போனா. காய்ச்சல், சீழ் வந்தா. அடுத்த நாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தா.

விழுங்கக் கஷ்டம், மூச்சு விடக் கஷ்டம், தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் கெட்டியான வீக்கம், இதுல எது வந்தாலும் பல் கிளினிக்குக்குக் காத்திருக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, இல்ல 108-ஐக் கூப்பிடுங்க. கிருமி கழுத்துக்குப் பரவி மூச்சுக்குழாயை அடைக்கலாம். அபூர்வம்தான், ஆனா நேரம் குறைவு.

மத்தபடி, பெரும்பாலானவங்க ஒரு வாரத்துல சாதாரண வாழ்க்கைக்கு வந்துடுவீங்க. கரையாத தையல்னா ஒரு வாரம் கழிச்சுப் பிரிப்பாங்க. ஈறு மூடறதுக்குச் சில வாரம், உள்ளே எலும்பு நிரம்பறதுக்குச் சில மாசம் ஆகும். அந்த நீண்ட வேலையை உடம்பே பார்த்துக்கும். நம்ம பங்கு முதல் சில நாள் மட்டும்தான், ஒரு கடலையளவு ரத்த உறைவை அது இருக்கிற இடத்துலயே விட்டு வைக்கிறது.

பல் எடுக்கத் தேதி வாங்கியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. முக்கியமா, வெள்ளிக்கிழமை தேதி வாங்கினவருக்கு.