குரல் மாறும், பாட்டு மாறாது

கோட்டாற்றை ஒட்டிய வடிவீஸ்வரத்தில் 1839-இல் பிறந்தவர் பாடலாசிரியர் நீலகண்ட சிவன். தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரத்து நீலகண்ட சுவாமி அவருடைய இஷ்ட தெய்வம். முகாரி ராகத்தில் அவர் அமைத்த ‘என்றைக்கு சிவ கிருபை’ இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. ஆனால் அவர் மறைந்தது 1900-இல். இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியது 1902-இல். ஆக, அவருடைய பாடல்களில் நாம் கேட்பவை எல்லாமே பிறர் பாடியவை. அடுத்தவர் பாட்டைத் தம் குரலில் பாடிப் பதிவிடுவதை இளைஞர்கள் ‘கவர் வெர்ஷன்’ என்கிறார்கள். சிவனின் பாட்டுகளுக்கு அது மட்டும்தான் உண்டு.

ஒருவர் மெதுவாகப் பாடுகிறார். இன்னொருவர் புதுச் சங்கதி சேர்க்கிறார். சுருதியும் ஆளுக்கு ஆள் வேறு. ஆனாலும் முதல் வரியிலேயே பாட்டை அடையாளம் கண்டுகொள்கிறோம். எப்படி?

ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஷட்ஜம் (‘ச’) நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் 196. ஆணின் பஞ்சமமும் (‘ப’) அதே 196-தான்! அவருக்கு ‘ப’ ஆக இருக்கும் ஒலி இவருக்கு ‘ச’. பெண்ணின் பஞ்சமமோ 294. ஆணுக்கு ச-வுக்கும் ப-வுக்கும் இடைவெளி 65 அதிர்வுகள், பெண்ணுக்கு 98. இரண்டிலும் மாறாதது விகிதம்: ச இரண்டு பங்கென்றால் ப மூன்று பங்கு. மற்ற ஸ்வரங்களும் ஷட்ஜத்தைப் பொறுத்தே நிற்கின்றன.

காதின் உட்பகுதியான காக்லியாவில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனித்தனி இடத்தைத் தூண்டும். ஆகவே ஆண் பாடினால் ஓரிடம், பெண் பாடினால் வேறிடம். இரண்டையும் ஒரே பாட்டாகக் கோப்பது மூளை. அது தனித்தனி ஒலிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள உறவையே நினைவில் வைக்கிறது. எல்லா ஒலியும் மாறிய பிறகும் மெட்டு எப்படி மாறாமல் இருக்கிறது என்ற கேள்வியை ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் எழுப்பியது 1890-இல். அப்போது சிவன் உயிருடன் இருந்தார்.

இந்தத் திறன் பாடும் பறவைகளுக்குக்கூட எளிதில் வாய்ப்பதில்லை. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளை வைத்து ஸ்டூவர்ட் ஹல்ஸ், ஜெஃப்ரி சிங்க்ஸ் ஆகியோர் 1980-களில் சோதனை செய்தார்கள். ஏறும் இசையையும் இறங்கும் இசையையும் பிரித்தறியப் பழகியிருந்த பறவைகள், அதே இசையைப் பழகாத சுருதியில் ஒலித்ததும் தடுமாறின. ஆறு மாத மனிதக் குழந்தையோ கேட்டுப் பழகிய மெட்டைச் சுருதி மாற்றினாலும் கண்டுகொள்கிறது.

எழுதியவரின் குரல் அழிந்த பிறகும் ஒரு பாட்டு பிழைத்திருக்க இந்தத் திறன்தான் காரணம். நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒரே கீர்த்தனையை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடிய பதிவுகளை எடுத்து, இருவரின் ஷட்ஜத்தையும் ஆர்மோனியத்தில் தேடுங்கள். பெரும்பாலும் கட்டை வேறாக இருக்கும். பாட்டு வேறென்று உங்கள் காது ஒருபோதும் சொல்லாது.